இலவச நிலத்தின் விலை

அமெரிக்க நாட்டின் மிசௌரி மாநிலத்தில் மான்ஸ்பீல்ட் என்றொரு சிற்றூர் உளது. அங்குள்ள நினைவு இல்லமொன்றில் பழைய பிடில் ஒன்று போற்றிப் பாதுகாக்கப்படுகிறது. அதனை வாசித்தவர் மேடை ஏறிய இசைவாணர் அல்லர். பகலெல்லாம் கோடரியும் கலப்பையும் பிடித்துக் காய்த்துப்போன கைகளால், இரவில் அடுப்பருகே அமர்ந்து, மனைவி மக்கள் மனம் சோராதிருக்க வாசித்த ஓர் ஏழை விவசாயி அவர். அவர் பெயர் சார்லஸ் இங்கல்ஸ்.

அவருடைய இரண்டாம் மகள் லாரா இங்கல்ஸ் வைல்டர், முதிய வயதில் தம் இளமைக்கால நினைவுகளைச் சிறுவர்க்கான கதைகளாக எழுதினார். முதல் நூல் 1932-ஆம் ஆண்டு வெளிவந்தது. அந்நூல்களும், அவற்றைத் தழுவி 1974 முதல் 1983 வரை அமெரிக்காவில் ஒளிபரப்பான தொலைக்காட்சித் தொடரும் இக்குடும்பத்தை உலகறியச் செய்தன. கதையில் வரும் தந்தை எதற்கும் கலங்காத வீரர். நிலப்பதிவேடுகளிலும், குடிமதிப்பு ஏடுகளிலும், 2014-இல் அச்சேறிய லாராவின் தன்வரலாற்றிலும் நாம் காணும் தந்தையோ பலமுறை தோற்றவர், கடன்பட்டவர், ஒருமுறை பெரும் தவறும் இழைத்தவர். அந்த மெய்யான மனிதரையே இங்கு நம் குடும்பங்களுக்கு அறிமுகப்படுத்த விழைகிறோம். ஏனெனில், கதையின் வீரரைக் காட்டிலும் அவரிடமிருந்தே நாம் கற்க வேண்டியவை மிகுதி.

ஒரு கேள்வியோடு தொடங்குவோம். தமக்கென ஒரு நிலம் வேண்டும் என்று வாழ்நாளின் பெரும்பகுதியை அலைந்து கழித்த இம்மனிதர், தம் 50-ஆம் வயதில் அரசின் இலவச நிலத்துக்குரிய உரிமையை நிலைநாட்டினார். மறு ஆண்டே அந்நிலத்தை விட்டு ஊருக்குள் குடிபுகுந்தார். பின்னர் அதனை விற்றும் விட்டார். ஏன்?

சட்டம் தந்த வாக்குறுதி

1862-ஆம் ஆண்டு மே 20-ஆம் நாள் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஆபிரகாம் லிங்கன் ஒரு சட்டத்தில் கையொப்பமிட்டார். 21 வயது நிறைந்தவரோ, குடும்பத் தலைவராக இருப்பவரோ, ஆணாயினும் பெண்ணாயினும், அரசு நிலத்தில் 160 ஏக்கர் வரை பதிவு செய்துகொள்ளலாம். அதில் வீடு கட்டி, ஐந்தாண்டுகள் தங்கி, உழுது பயிரிட வேண்டும். அவ்வாறு செய்ததை இரு சாட்சிகளைக் கொண்டு மெய்ப்பித்தால் நிலம் அவருக்கே சொந்தம். பதிவுக் கட்டணங்கள் எல்லாம் சேர்ந்து 18 டாலர் மட்டுமே.

கேட்பதற்கு எத்துணை இனிய செய்தி! சட்டம் 1863 சனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. தொழிற்சாலைக் கூலிகளும், நிலமற்ற குத்தகைதாரரும், செர்மனி, நார்வே, சுவீடன் முதலிய நாடுகளின் ஏழை மக்களும் மேற்குத் திசை நோக்கிப் புறப்பட்டனர். காலப்போக்கில் ஏறத்தாழ 16 இலட்சம் பேர் இச்சட்டத்தின்கீழ்ப் பட்டாப் பெற்றனர். இவ்வாறு வழங்கப்பட்ட நிலம் ஏறத்தாழ 27 கோடி ஏக்கர். அந்நாட்டின் மொத்தப் பரப்பில் பத்தில் ஒரு பங்கு. ஆனால் பதிவு செய்தவர்களுள் மிகப் பலர் ஐந்தாண்டுகள் தாக்குப்பிடிக்க இயலாது பாதியிலேயே கைவிட்டுச் சென்றனர் என்பதையும் நாம் மறத்தலாகாது.

ஏன் கைவிட்டனர்? புல்வெளி என்றவுடன் பசுமையான மேய்ச்சல் நிலம் நம் மனக்கண்ணில் தோன்றும். அந்நிலத்தின் மேற்பரப்போ பல நூற்றாண்டுகளாகப் புல்வேர்கள் பின்னிப் பிணைந்து கம்பளம்போல் இறுகிக் கிடந்தது. பழைய கலப்பை அதில் இறங்காது. எருதுகளைப் பூட்டி, கனத்த எஃகுக் கலப்பையால் பாளம் பாளமாகப் புரட்ட வேண்டும். வீடு கட்டவும் அடுப்பெரிக்கவும் மரம் இல்லை. ஆகவே பலர் புரட்டிய புல்மண் பாளங்களையே செங்கற்போல் அடுக்கிச் சுவர் எழுப்பினர். கிணறு ஆழம், சந்தை தொலைவு, மருத்துவரோ இன்னும் தொலைவு. நிலம்தான் இலவசம், அதனை விளைநிலமாக்கும் செலவு இலவசம் அன்று.

பிறர் நிலத்தில் கட்டிய வீடு

சார்லஸ் 1836 சனவரி 10-ஆம் நாள் நியூயார்க் மாநிலத்தில் கியூபா என்னும் ஊரில் பிறந்தார். சிறுவனாயிருந்த போதே பெற்றோருடன் மேற்கே இல்லினாய் மாநிலத்துக்கும், பிறகு விஸ்கான்சினுக்கும் குடிபெயர்ந்தார். 1860 பிப்ரவரி முதல் நாள் கரோலின் குயினர் என்ற பெண்ணை மணந்தார். கரோலின் ஐந்து வயதில் தந்தையை மிச்சிகன் ஏரியில் நேர்ந்த கப்பல் விபத்தில் பறிகொடுத்தவர். வறுமையில் வளர்ந்தும் கல்வியைக் கைவிடாமல் ஆசிரியையாகப் பணிபுரிந்தவர். பெண் மக்கள் படிக்க வேண்டும் என்பதில் அவர் கொண்டிருந்த உறுதி, பின்னர் இக்குடும்பத்தின் திசையையே மாற்றியதை நாம் காண்போம்.

விஸ்கான்சினில் பெப்பின் என்னும் ஊரை அடுத்த காட்டில் அவர்கள் மரக்கட்டை வீடு அமைத்து வாழ்ந்தனர். 1865-இல் மேரியும் 1867-இல் லாராவும் அங்கே பிறந்தனர். மரம் வெட்டி, வேட்டையாடி, சிறிது பயிரிட்டு ஒருவாறு வாழ்க்கை நடந்தது. ஆனால் காடு நிரம்பி அயலார் பெருகவே, சார்லசின் மனம் பரந்த வெளியை நாடியது. கித்தான் கூண்டு கட்டிய வண்டியில் மனைவியையும் இரு பெண் குழந்தைகளையும் ஏற்றிக்கொண்டு தெற்கே சென்றார். 1869-இல் கான்சாஸ் மாநிலத்தின் தென்பகுதியில், இன்டிபென்டன்ஸ் நகருக்கு அருகில், வீடு கட்டி நிலத்தை உழுதார்.

அந்த நிலம் அரசு நிலம் அன்று. ஒசேஜ் என்னும் பழங்குடி மக்களுக்கு உடன்படிக்கையால் உறுதி செய்யப்பட்ட நிலம் அது. சார்லசைப் போன்று பல்லாயிரம் வெள்ளையர், இன்றோ நாளையோ அரசு அம்மக்களை வெளியேற்றிவிடும் என்ற எண்ணத்துடன் முன்கூட்டியே அங்கே சென்று அமர்ந்தனர். மரங்களை வெட்டினர், விளைநிலங்களைக் கைப்பற்றினர். ஒசேஜ் மக்கள் வேட்டைக்குச் சென்று திரும்புகையில், தம் இடத்தில் அன்னியர் வீடுகள் நிற்கக் கண்டனர்.

நம் வாசகர்கள் ஒன்றை அறிந்தால் வியப்புறுவர். இந்த ஒசேஜ் மக்களிடையே 1847 முதலே இயேசு சபைக் குருக்கள் பணியாற்றி வந்தனர். அருள்தந்தை ஜான் ஷூன்மேக்கர்ஸ் அங்கே மறைபரப்பு நிலையமும் பள்ளியும் நிறுவியிருந்தார். அருள்தந்தை பால் பொன்சிலியோனே குதிரை மீதும் வண்டியிலும் அலைந்து அம்மக்களின் குடியிருப்புகளை நாடிச் சென்று தொண்டாற்றினார். ஒசேஜ் மக்களுள் பலர் திருமுழுக்குப் பெற்ற கத்தோலிக்கர். ‘நாகரிகமற்றவர்’ என்று குடியேறியவர்களால் இகழப்பட்டவர் பலருடைய இல்லங்களில் செபமாலை ஒலித்துக்கொண்டிருந்தது.

1870-இல் அமெரிக்கப் பேரவை இயற்றிய சட்டத்தின்படி ஒசேஜ் மக்கள் கான்சாசை விட்டு வெளியேற இசைய நேர்ந்தது. ஏக்கருக்கு ஒன்றேகால் டாலர் வீதம் தங்கள் நிலம் விற்கப்பட, அப்பணத்தைக் கொண்டே தெற்கில், இன்றைய ஓக்லஹோமாவில், செரோக்கி மக்களிடமிருந்து வேறு நிலத்தை விலைக்கு வாங்கிக்கொண்டனர். இலவச நிலம் தேடி இலட்சக்கணக்கானோர் வந்த காலத்தில், மண்ணின் மைந்தர்களோ தாம் குடியிருக்கப் பணம் கொடுத்து நிலம் வாங்க வேண்டியவராயினர்!

இவ்விடத்தில் சார்லசை நாம் எவ்வாறு மதிப்பிடுவது? அவர் கொடியவர் அல்லர். குழந்தைகளிடம் பேரன்பு கொண்டவர், உழைப்புக்கு அஞ்சாதவர். எனினும் பிறருடைய நிலத்தில் வீடு கட்டினார். எல்லாரும் செய்கின்றனர், அரசும் தடுக்கவில்லை என்ற இரு சாக்குகள் அவருடைய மனச்சான்றை உறங்க வைத்தன போலும். நல்ல தந்தையாய் இருத்தல் ஒன்றே நீதிமானாய் இருப்பதற்குப் போதாது. தம் பிள்ளைகளுக்காகத் தேடும் நிலம் பிறர் பிள்ளைகளின் நிலமாய் இருத்தலாகாது. இதனை மறைத்து அவருடைய வாழ்வைப் புகழ்ந்து எழுதுவது வாசகர்க்கு நாம் செய்யும் நன்மை ஆகாது.

கான்சாசில் இருக்கையில் குடும்பம் முழுவதும் மலேரியா எனும் முறைக்காய்ச்சலில் வீழ்ந்தது. அப்போது அவர்களுக்கு மருத்துவம் செய்தவர் ஜார்ஜ் டேன் என்னும் கறுப்பின மருத்துவர். அமெரிக்காவில் அடிமை முறை ஒழிந்து ஐந்தாண்டுகளே கடந்திருந்த காலம் அது. 1870 ஆகஸ்டு 3-இல் மூன்றாம் மகள் கேரி அங்கே பிறந்தாள். மறு ஆண்டு, பெப்பின் நிலத்தை வாங்கியவர் பணம் கட்ட இயலாமல் நிலத்தைத் திருப்பித் தரவே, சார்லஸ் குடும்பத்தோடு விஸ்கான்சின் திரும்பினார். ஒசேஜ் மண்ணில் அவர் சிந்திய வியர்வை ஒரு பயனும் தரவில்லை.

வானத்தை மறைத்த வெட்டுக்கிளிகள்

1874-இல் மீண்டும் கூண்டு வண்டி புறப்பட்டது. இம்முறை மின்னசோட்டா மாநிலத்தின் வால்நட் குரோவ் என்னும் ஊர். பிளம் ஓடையின் கரையைக் குடைந்து அமைத்த மண்வீட்டில் குடும்பம் தங்கியது. கோதுமை பொன்னாய் விளையும் என்று எல்லாரும் கூறினர். அந்த விளைச்சலை நம்பிக் கடனுக்கு மரப்பலகை வாங்கித் தந்தை புதுவீடு கட்டினார் என்று லாரா எழுதுகிறார்.

விளைச்சலை நம்பிக் கடன் வாங்கிய எந்த விவசாயியும் அடுத்து வருவதை ஊகித்துக்கொள்வார். 1873 முதல் 1877 வரை ஐந்து ஆண்டுகள் ராக்கி மலை வெட்டுக்கிளிகள் மின்னசோட்டாவைச் சூறையாடின. அக்காலத்தில் வந்த கூட்டங்களின் அளவை நம்புவது கடினம். 1875-இல் நெப்ராஸ்கா மாநிலத்தைக் கடந்த ஒரு கூட்டத்தை ஆல்பர்ட் சைல்ட் என்னும் மருத்துவர் தந்திச் செய்திகளின் துணைகொண்டு கணக்கிட்டார். அதன் நீளம் 1,800 மைல். அகலம் 110 மைல்! விடுதலைப் பயண நூலில் எகிப்து நாட்டின் வெட்டுக்கிளி வாதையைப் படித்திருக்கிறோம். அதனை இம்மக்கள் கண்ணாரக் கண்டனர். கோதுமையை மட்டுமன்று, தோட்டத்துக் காய்கறிகளையும், மரப்பட்டையையும், உலரவிட்ட துணியையும் அவை தின்றன. தின்றுவிட்டு மண்ணில் முட்டையிட்டுச் சென்றன. ஆகவே அடுத்த ஆண்டின் அழிவும் அந்த மண்ணிலேயே காத்திருந்தது.

சார்லஸ் வேலை தேடிக் கிழக்கே நடந்தார். வெட்டுக்கிளி படாத ஊர்களில் பிறருடைய வயல்களில் அறுவடைக் கூலியாய் உழைத்து, பணத்தை வீட்டுக்கு அனுப்பினார். 1875-ஆம் ஆண்டின் இறுதியில் அரசின் நிவாரண மாவு பெறுவதற்காக, தம்மிடம் பிழைக்க யாதொரு வகையுமில்லை என்ற உறுதிமொழியில் கையொப்பமிட நேர்ந்தது. கிடைத்தது இரண்டு அரைப் பீப்பாய் மாவு. அதன் மதிப்பு ஐந்தேகால் டாலர். பிறரிடம் கைநீட்டாது வாழ்ந்த மனிதருக்கு அந்தக் கையொப்பம் எவ்வளவு கனத்திருக்கும்! இச்செய்தி லாராவின் கதைகளில் இல்லை. பழைய ஆவணங்களே இதனை நமக்குச் சொல்கின்றன.

இதே சார்லஸ், வால்நட் குரோவில் தம் சபையினர் ஆலயமணி வாங்க முயன்றபோது, கிழிந்த காலணிக்கு மாற்று வாங்க வைத்திருந்த பணத்தைக் கொடுத்துவிட்டு வந்தார் என மகள் நினைவுகூர்கிறார். அவர் கத்தோலிக்கர் அல்லர்; காங்கிரகேஷனல் சபையைச் சார்ந்த பிரிந்த சகோதரர். எனினும் கிழிந்த காலணியோடு மணியோசையைக் கேட்டு மகிழ்ந்த அந்த உள்ளத்தை நாம் நன்கு புரிந்துகொள்கிறோம்.

அதே மின்னசோட்டாவின் நடுப்பகுதியில், கோல்ட் ஸ்பிரிங் என்னும் ஊரைச் சுற்றி செர்மானியக் கத்தோலிக்க விவசாயிகள் வாழ்ந்தனர். அவர்களும் இதே வாதையால் நொந்தனர். 1877-இல் ஆளுநர் ஜான் பில்ஸ்பரி, ஏப்ரல் 26-ஆம் நாளை மாநிலம் முழுவதற்கும் மன்றாட்டு நாளாக அறிவித்தார். கோல்ட் ஸ்பிரிங் பகுதி மக்கள், ஆசீர்வாதப்பர் சபைக் குருவான அருள்தந்தை லியோ வின்டரின் வழிகாட்டுதலில், தேவ அன்னைக்குக் குன்றின்மேல் ஒரு சிற்றாலயம் கட்டுவதாக நேர்ந்துகொண்டனர். உண்ணவே வழியற்றவர்கள் மரமும் உழைப்பும் தந்து அதனைக் கட்டி முடித்தனர். அவ்வாண்டே வெட்டுக்கிளிகள் அகன்றன. 1894-இல் சூறாவளி அம்மர ஆலயத்தைப் பெயர்த்தெறிந்தது. 1952-இல் அதே குன்றில் கருங்கல் ஆலயம் எழுந்தது. ‘வெட்டுக்கிளி ஆலயம்’ என்றே மக்கள் இன்றும் அதனை அழைக்கின்றனர்.

இந்த வெட்டுக்கிளியின் முடிவும் விந்தையானது. 1902-க்குப் பின் அவ்வினம் உயிருடன் காணப்படவே இல்லை, முற்றிலும் அழிந்துபோயிற்று. மலையடிவார ஆற்றங்கரைகளில் அது முட்டையிட்ட இடங்களைக் குடியேறியோர் உழுது நீர் பாய்ச்சியதே காரணமாதல் வேண்டும் என ஜெப்ரி லாக்வுட் என்னும் பூச்சியியல் அறிஞர் விளக்குகிறார். விவசாயிகளை வீழ்த்திய பூச்சியை, அதனை அறியாமலேயே, விவசாயியின் கலப்பை வீழ்த்தியது.

குறிக்கப்படாத ஒரு கல்லறை

1875 நவம்பர் முதல் நாள் இங்கல்ஸ் குடும்பத்தில் ஓர் ஆண் மகவு பிறந்தது. சார்லஸ் பிரெடரிக் என்று தந்தையின் பெயரையே இட்டனர். மறு ஆண்டு நிலத்தை விற்றுவிட்டு, உணவு விடுதி ஒன்றில் வேலை செய்வதற்காக அயோவா மாநிலத்தின் பர் ஓக் என்னும் ஊருக்குப் புறப்பட்டனர். இடையில் உறவினர் வீட்டில் தங்கியிருந்தபோது, 1876 ஆகஸ்டு 27-இல், ஒன்பது மாதமே நிறைந்த அக்குழந்தை இறந்தது. அங்கேயே அடக்கம் செய்துவிட்டு வண்டியைப் பூட்டினர். தம் ஒரே மகனின் கல்லறையருகே தங்கியிருக்கவும் வறுமை அப்பெற்றோரை விடவில்லை. லாராவின் கதை நூல்களில் இக்குழந்தை இடம்பெறவில்லை. 60 ஆண்டுகள் கடந்தும் அவ்வன்னையின் மகளால் கதையாக்க இயலாத துயரம் அது என்றே நாம் எண்ணுகிறோம்.

பர் ஓக்கிலும் நிலைமை சீராகவில்லை. 1877-இல் அங்கே நான்காம் மகள் கிரேஸ் பிறந்தாள். வாடகைப் பாக்கியும் மருத்துவச் செலவும் ஏறின. இறுதியில் வீட்டுக்காரருக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுக்க முடியாமல், ஓரிரவில் யாருக்கும் தெரியாது குடும்பம் ஊரை விட்டு வெளியேறியது. கடனுக்கு அஞ்சி இரவில் வண்டி பூட்டும் தந்தையின் அவமானம் எந்த நாட்டிலும் ஒன்றுதான். மீண்டும் வால்நட் குரோவ். இப்போது நிலம் இல்லை. தச்சு வேலை, இறைச்சிக் கடை எனக் கிடைத்ததைச் செய்தார்.

1879-இல் அடுத்த அடி விழுந்தது. மூத்த மகள் மேரி கடும் நோயில் வீழ்ந்தாள். காய்ச்சல் தணிந்தபோது, 14 வயதுப் பெண்ணின் இரு கண்களும் ஒளியிழந்திருந்தன. செம்புள்ளிக் காய்ச்சலே காரணம் என்று கதைநூல் கூறுகிறது. பழைய குறிப்புகளை ஆராய்ந்த மருத்துவர்களோ, அது மூளையையும் மூளையுறையையும் தாக்கிய நச்சுயிரிக் காய்ச்சலாக இருத்தல் கூடும் என 2013-இல் எழுதினர். அன்று முதல் சார்லசின் வேண்டுகோளின்படி லாரா தன் அக்காளுக்குக் கண்ணானாள். காண்பதையெல்லாம் சொற்களால் எடுத்துரைத்தாள். எழுத்தாளர் ஒருவர் உருவானது இவ்வாறுதான்.

டி ஸ்மெட்டில் ஒரு குளிர்காலம்

அவ்வாண்டே சார்லசுடைய தங்கையின் கணவர் வழியாக இருப்புப்பாதை அமைக்கும் முகாமில் கணக்கர் வேலை கிடைத்தது. குடும்பம் டகோட்டாவுக்குச் சென்றது. அங்கே புதிதாய் எழுந்த ஊருக்கு டி ஸ்மெட் என்று பெயரிட்டனர். அது ஒரு கத்தோலிக்கக் குருவின் பெயர். பெல்ஜிய நாட்டில் 1801-இல் பிறந்த இயேசு சபைக் குரு பியர்-ழான் டி ஸ்மெட், ராக்கி மலைப் பகுதியின் பழங்குடி மக்களிடையே வாழ்நாளெல்லாம் உழைத்தவர். 1868-இல் படைக்கருவி ஏதுமின்றிப் பழங்குடித் தலைவர் சிட்டிங் புல்லின் முகாமுக்கே சென்று அமைதி பேசியவர். பிறர் நிலத்தில் அத்துமீறி அமர்ந்த ஒரு மனிதர், அந்நிலத்து மக்கள் நம்பிய ஒரு குருவின் பெயர் தாங்கிய ஊரில் தம் இறுதிப் புகலிடத்தைக் கண்டார் என்பது நம் சிந்தனைக்குரியது.

1880 பிப்ரவரியில் சார்லஸ் லிங்கனின் சட்டத்தின்கீழ் முதன்முறையாக இலவச நிலம் பதிவு செய்தார். அப்போது அவருக்கு வயது 44. அக்டோபரிலேயே பனிப்புயல் வீசத் தொடங்கியது. புயல்மேல் புயலாய் வந்து இருப்புப்பாதையைப் பனி மூடவே, சனவரியில் இரயில் நின்றது. ஊருக்குள் சார்லசுக்கு இருந்த கடைக் கட்டடத்தில் குடும்பம் ஒதுங்கியது. நிலக்கரி தீர்ந்தது, உலர்புல்லைக் கயிறுபோல் முறுக்கி முறுக்கி அடுப்பில் இட்டனர். மாவு தீர்ந்தது, காப்பிக்கொட்டை அரைக்கும் சிறு கையெந்திரத்தில் கோதுமையை மாற்றி மாற்றி அரைத்து ரொட்டி சுட்டனர். கோதுமையும் தீரும் நிலையில் இரு இளைஞர்கள் உயிரைப் பணயம் வைத்துப் பனிவெளியைக் கடந்து, தொலைவில் ஒரு விவசாயியிடமிருந்து கோதுமை வாங்கி வந்து ஊரைக் காத்தனர். அவ்விருவருள் ஒருவரான அல்மான்சோ வைல்டர் 1885-இல் லாராவின் கணவரானார். அந்தக் குளிர்காலத்தில் குளிரால் விரல்கள் விறைத்துப்போய், தந்தையால் பிடில் வாசிக்க முடியாமற் போன இரவையே மிகக் கொடிய இரவாக லாரா வருணிக்கிறார். மே மாதத்தில்தான் இரயில் வந்தது.

பட்டாவா, பள்ளியா?

இனி மேற்கே செல்வதில்லை என்று கரோலின் உறுதியாய் நின்றார். ஒரேகான் வரை செல்லும் ஆசை சார்லசுக்கு இன்னும் தணியவில்லை. ஆயினும் மனைவியின் சொல்லுக்கு இணங்கினார். பெண்கள் படிக்க வேண்டும். படிக்கப் பள்ளி வேண்டும். பள்ளி இருக்கும் இடத்தில் குடும்பம் இருக்க வேண்டும். அன்பு வாசகர்களே, இக்குடும்பத்தின் வரலாற்றில் மிகப் பெரிய முடிவு இதுவே என்பது நம் கருத்து. ஆசைப்பட்ட திசையில் வண்டியைப் பூட்டுவது எளிது. ஆசையை அடக்கிக் குழந்தைகளுக்காக ஓரிடத்தில் நிற்பதே கடினம்.

1881 நவம்பரில் சார்லசும் கரோலினும் மேரியை அயோவா மாநிலம் வின்டன் நகரிலிருந்த பார்வையற்றோர் கல்லூரியில் சேர்த்தனர். கல்விச் செலவை டகோட்டா அரசு ஏற்றது. உடைக்கும் பயணத்துக்கும் பிறவற்றுக்கும் குடும்பமே வழிகாண வேண்டும். லாரா பதின்வயதிலேயே சட்டை தைத்தும், சிற்றூர்ப் பள்ளியில் ஆசிரியையாய் இருந்தும் உதவினாள். மேரி 1889-இல் பட்டயம் பெற்றாள். எத்தனையோ செல்வர் வீட்டுப் பெண்களும் உயர்நிலைக் கல்வி காணாத அக்காலத்தில், நிவாரண மாவுக்குக் கையொப்பமிட்ட விவசாயியின் பார்வையற்ற மகள் கல்லூரி கண்டாள்!

1886-இல் சார்லஸ் தம் நிலத்துக்கான இறுதிச் சான்றை அளித்தார். 160 ஏக்கரளவு நிலம் அவருக்குச் சொந்தமாயிற்று. ஆனால் அந்த ஆண்டுகளில் மழை பொய்க்கத் தொடங்கியிருந்தது. உழவு நடந்தால் மழை தானே பின்தொடரும் என்று நிலத்தை விளம்பரம் செய்தோர் கூறிய சொல் பொய்த்தது. 50 வயது நிறைந்த உடலும் தளர்ந்திருந்தது. 1887-இல் ஊருக்குள் தம் கைகளாலேயே ஒரு வீடு கட்டிக் குடும்பத்தைக் கொண்டுவந்தார். அதன்பின் தச்சராக, சமாதான நீதிபதியாக, சிறு கடைக்காரராக வாழ்ந்தார். தம் சபையின் ஆலயம் எழுவதற்கும் உழைத்தார். 1902 சூன் 8-ஆம் நாள், 66-ஆம் வயதில், இதயநோயால் டி ஸ்மெட்டில் காலமானார். உயிருள்ள ராக்கி மலை வெட்டுக்கிளி கடைசியாகக் காணப்பட்டதும் அவ்வாண்டிலேயே.

எது மிஞ்சியது?

கணக்குப் பார்ப்பவர் இவ்வாழ்வைத் தோல்வி என்றே எழுதுவர். ஐந்து மாநிலங்கள், கைவிட்ட நிலங்கள், இறந்த மகன், பார்வையிழந்த மகள், இறுதியில் விற்றுப்போன பட்டா. நால்வராகிய பெண் மக்களுள் லாராவுக்கு மட்டுமே குழந்தைகள் பிறந்தனர். அவர்களுள் எஞ்சி வளர்ந்த ரோஸ் என்னும் மகளும் 1968-இல் மறைந்த பின், சார்லசுக்கு நேர்வழித் தோன்றல் ஒருவரும் இல்லை. நிலத்தைப் பரம்பரைச் சொத்தாக்க எண்ணியவருக்கு நிலமும் நிற்கவில்லை, பரம்பரையும் நிற்கவில்லை.

ஆயினும் டி ஸ்மெட் ஊருக்கு வெளியே அவருடைய பழைய நிலத்தில் நெட்டையான மரங்கள் சில நிற்கின்றன. காட்டன்வுட் எனப்படும் அம்மரங்களின் விதைகள் பஞ்சுபோல் காற்றில் பறப்பவை. மரமே இல்லாத அவ்வெட்டவெளியில் தம் மனைவிக்கும் நான்கு பெண் மக்களுக்கும் ஆளுக்கொன்றாய் சார்லஸ் நட்டவை அவை என்பர். தமக்கென்று ஒன்று அவர் நடவில்லை.

இலவச நிலத்துக்கு உண்மையில் விலை கொடுத்தவர் யார் என்பதை இப்போது நாம் கூறலாம். முதற்கண் ஒசேஜ் மக்கள் கொடுத்தனர். பிறகு வழியில் புதைக்கப்பட்ட மகவும், அம்மகவைப் பிரிந்து நடந்த அன்னையும், மாவுக்குக் கையொப்பமிட்ட தந்தையும் கொடுத்தனர். அத்தனை விலை கொடுத்தும் இறுதியில் குடும்பத்தைக் காத்தது நிலம் அன்று. மனைவியின் சொல்லுக்குச் செவிசாய்த்த கணவனும், மகளின் இருளுக்கு அஞ்சாத பெற்றோரும், அக்காளுக்குக் கண்ணான தங்கையும், எல்லாம் போன பின்பும் இரவில் ஒலித்த அந்தப் பிடிலுமே காத்தன.

நம் இல்லங்களிலும் நிலத்தைப் பற்றிய பேச்சு உண்டு. எல்லைத் தகராறும் பாகப்பிரிவினையும் உண்டு. எதனை அடைவதற்காக எதனைக் கொடுக்கிறோம் என்று இன்றிரவு குடும்ப செபத்துக்குப் பின் ஒரு நிமிடம் எண்ணிப் பார்ப்போமாக.